ஈர்வாளும் ஒரு சொல்லும்

கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு எம் பேராசிரியர் பணித்தபோது, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் எழுதுதற்குரிய பொருள்கள் பல எம் நெஞ்சில் வரிசையாக வந்து நின்றன. கம்பர் காட்டும் ஆற்று வளத்தை எழுதலாம். சிலம்பில் ஊழின் ஆட்சியை எழுதலாம். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் ஒன்றனைப் பற்றி எழுதலாம். ஆயினும் அவற்றை எம்மினும் திறம்பட எழுதவல்ல நண்பர் பலர் வகுப்பிலே உளர். மேலும், சென்ற டிசம்பர்த் திங்கள் முதலாக எம் உள்ளத்தில் முள்போல் தைத்துக்கொண்டிருப்பது காப்பியமும் அன்று, இலக்கணமும் அன்று. பலகை அறுக்கும் ஒரு பொறியும், யாம் பொருளுணராது வாயால் உதிர்த்த ஒரு சொல்லுமேயாகும். அவற்றைப் பற்றி எழுதுவதே நேர்மையென்று துணிந்தோம். பொருள் புதுமையுடையதாயினும் பயனுடையது என்பதைப் படிப்போர் இறுதியில் உணர்வரென நம்புகின்றோம்.

எம்மூர் சுரக்குடி; காரைக்கால் மாவட்டத்தில் திருநள்ளாற்றுக் கொம்யூனைச் சார்ந்த சிற்றூர். காரைக்கால் மூன்று புறமும் தமிழ்நாட்டால் சூழப்பட்டுக் கிழக்கே வங்கக் கடலை எல்லையாகக் கொண்டது. 1954 நவம்பர் முதல் நாள்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. இன்று புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்புலத்தின் ஒரு பகுதி. காவிரியின் கிளைகள் கடலை நாடி விரையும் கடைமடைப் பகுதியாதலின், யாண்டு நோக்கினும் வயலும் வாய்க்காலுமே கண்ணுக்குத் தோன்றும். இத்தகைய ஊரில் தச்சனுக்கு வேலை குறைவில்லை. எம் பாட்டனார் தச்சுத் தொழிலே செய்து வாழ்ந்தவர். ஏரும், வண்டிச் சக்கரமும், கதவும் நிலையும் அவர் கையால் உருவாகி இன்றும் பல வீடுகளில் உள. எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மறைந்த அவர், பத்து விரல்களும் குறைவின்றியே மண்ணுக்குள் சென்றார். அஃதொரு பெருமையென்று அந்நாளில் யாம் எண்ணியதில்லை. இப்பொழுது எண்ணுகின்றோம்.

பாட்டனார் காலத்தில் பெருமரம் அறுப்பதென்றால் இருவர் வேண்டும். நீண்ட வாளின் ஒரு முனையை ஒருவரும் மறு முனையை மற்றவரும் பற்றி இழுப்பர். ‘ஈர்தல்’ என்பதற்கு இழுத்தல் என்றும் அறுத்தல் என்றும் பொருளுண்டு. ஆதலின் ‘ஈர்வாள்’ என்னும் பெயர் அக்கருவிக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைச் சொல்லாராய்ச்சி பயிலும் எமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் இழுக்க மற்றவர் விடுதல் வேண்டும்; ஒருவர் நிறுத்தினால் மற்றவர் கையும் தானே நிற்கும். ஒருவர் நினைவு மற்றவருக்கு வாள்வழியே தெரியும். “மரத்தின்முன் நிற்கும்போது வேறு பேச்சு வேண்டாம்” என்று பாட்டனார் அடிக்கடி கூறுவதுண்டு. அது முதியவர் கடுகடுப்பென்றே யாம் அன்று கருதினோம்.

நிற்க. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் ‘கஜா’ என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை இப்பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று எம் கொல்லைப்புறத்தில் நின்ற பழைய பூவரசு வேரோடு சாய்ந்தது. பூவரச மரம் உட்பகுதியில் கருஞ்சிவப்பு நிறமும் நல்ல உறுதியும் உடையது. வண்டிக்கும் மேசைக்கும் ஏற்றது. ஆதலின் அதனை விறகாக்க மனமின்றி, மரம் அறுக்கும் மில்லுக்கு ஏற்றிச் சென்று பலகைகளாக்கி, நிழலில் சாய்த்துப் பல்லாண்டு உலர விட்டோம். “தம்பி பெரிய படிப்புப் படிக்கும்போது இதில் அவன் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி” என்று எம் தமையனார் அன்றே சொல்லி வைத்தார்.

தமையனார் தச்சர் அல்லர். வளைகுடா நாடொன்றிற் சில ஆண்டுகள் கடைக் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். எனினும் பாட்டனாரின் உளியும் இழைப்புளியும் அவர் கைக்கே உரிமையாயின. பசுக்கள் இல்லாமற் போன பழைய மாட்டுக்கொட்டிலைத் தூய்மை செய்து சிறு பட்டறையாக்கிக்கொண்டார். மேசையோடு கூடிய அறுவைப் பொறியை விலைக்கு வாங்குதற்குப் பொருள் போதாது. ஆகவே, இக்காலத்தில் நம் நாட்டுப் பட்டறைகள் பலவற்றிற் காணும் ஓர் உபாயத்தை அவரும் கையாண்டார். கையாற் பிடித்து அறுக்கும் 7 அங்குல மின் ரம்பம் ஒன்றை வாங்கி, தடித்த பிளைவுட் பலகையின் அடியிற் கவிழ்த்துப் பொருத்தி, அதன் வட்ட வாள் பலகையின் நடுவே ஒரு பிளவின்வழி மேலே தலைகாட்டுமாறு அமைத்தார். பக்கத்தில் ஒரு நேரான சட்டத்தை நிறுத்திப் பலகைக்கு வழிகாட்டியாக்கினார். மேசை அறுவைப் பொறி ஆயத்தமாயிற்று. வந்தோர் யாவரும் வியந்தனர், யாமும் வியந்தோம்.

அவ்வியப்பில் ஒன்றை மறந்தோம். அக்கருவியைச் செய்தோர் அதில் இரண்டு காவல்களை வைத்திருந்தனர். ஒன்று, அறுக்காத வேளையில் வாளை மூடிக்கொள்ளும் மடிப்பு மூடி. மற்றொன்று, விரலை எடுத்தவுடன் இயக்கத்தை நிறுத்தும் விசை. கவிழ்த்துப் பொருத்தியபின் மூடி இடையூறாக இருந்தது. அதனைக் கம்பியால் மடக்கிக் கட்டினோம். விசையை மேசைக்கடியிற் சென்று அழுத்திக்கொண்டிருத்தல் இயலாது. அதனைக் கயிற்றால் இறுகக் கட்டினோம். சுவரிலுள்ள ஸ்விச்சே இனி எல்லாம் என்றாயிற்று. கருவி செய்தோர் அறிவை யாங்கள் இரண்டு முழக் கயிற்றாலும் ஒரு சாண் கம்பியாலும் வென்றுவிட்டோம்!

ஈண்டு அப்பொறியின் விரைவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். அதன் வாள் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குமேற் சுழல்வது. 5,000 என்றே கொள்ளினும், விளிம்பிலுள்ள ஒவ்வொரு பல்லும் வினாடிக்கு 46 மீட்டர் செல்லும். அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர் வேகம். வாளில் 24 பற்கள். எனவே வினாடியொன்றில் ஓரிடத்தைக் கடக்கும் பற்கள் 2,000. மனிதன் ஒன்றைக் கண்டோ உணர்ந்தோ கையை அசைத்தற்கு ஏறத்தாழ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் 400 பற்கள் கடந்துவிடும். “கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கையை இழுத்துக்கொள்ளலாம்” என்று எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கக் கடவர். யாம் அதனைப் போட்டது காலம் கடந்தபின்.

பொறி எங்கட்கு ஓர் எச்சரிக்கை செய்யாமல் இல்லை. நவம்பர்த் திங்களில் ஒருநாள் யாமே பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தோம். பாதி தூரம் சென்றபின், பலகை வழிகாட்டிச் சட்டத்தினின்று சற்று விலகிற்று. அவ்வேளையில் எம் அன்னையார் உள்ளிருந்து அழைத்த குரல் கேட்டு யாம் ஓரடி இடப்புறம் ஒதுங்கித் திரும்பினோம். மறுகணம் இடி விழுந்தாற்போல் ஓர் ஓசை. இரண்டடி நீளமுள்ள அப்பலகை எம் விலாவை ஒட்டிப் பறந்து, பின்புறம் இருந்த தண்ணீர்ப் பானையைத் தூளாக்கிற்று. எம் வயிற்றுக்கு வர வேண்டியதைப் பானை ஏற்றுக்கொண்டது. யாங்கள் இருவரும் முதலில் நகைத்தோம். பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நகைப்பை நிறுத்திக்கொண்டோம்.

அது நிகழ்ந்த காரணத்தை இப்பொழுது நன்கறிவோம். மேசை வாளின் முன்புறப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, அதனால் தீங்கில்லை. பின்புறப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. பலகை வளைந்தோ விலகியோ, அறுத்த பிளவு உள்ளழுத்தத்தால் மூடியோ, மரம் அப்பின்புறப் பற்களிற் பட்டுவிட்டால், அவை அதனைத் தூக்கி வாளின் முழு வேகத்தோடும் தள்ளுபவன்மீதே எறிந்துவிடும். பல வேளைகளில் பலகை பறப்பதோடு தீங்கு முடிவதில்லை. அதனைப் பற்றியிருந்த கையையும் அது வாளை நோக்கி இழுத்துச் செல்லும். இதனைத் தடுத்தற்கு வாளின் பின்னே, அதனோடு ஒட்டினாற்போல், அறுத்த பிளவினுள் நுழைந்து நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வேண்டும். அஃது இருப்பின் பிளவு மூடாது. மரம் பின்பற்களை அணுகாது. தொழிற்சாலையிற் செய்த நல்ல பொறிகளில் அது வாளோடு சேர்ந்தே ஏறி இறங்குமாறு அமைந்திருக்கும். எங்கள் பொறியில் அஃதில்லை. “பொங்கலுக்குப் பின் பார்த்துச் செய்துவிடுவோம், தம்பி” என்றார் தமையனார். கிறிஸ்துமஸுக்குள் அலமாரி முடிய வேண்டுமென்னும் அவசரம் எம்முடையது. “ஆம், பின்னர்ப் பார்ப்போம்” என்றோம்.

டிசம்பர் 20-ஆம் நாள் மாலை. வடகிழக்குப் பருவமழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அலமாரியின் கடைசித் தட்டுக்குரிய பலகையைத் தமையனார் நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தார். பாதி அறுத்த நிலையில் மின்சாரம் நின்றது. ஓசை அடங்கியது. பலகை வாளைக் கவ்வியவாறு அசையாமல் நின்றது. இருட்டிலே அவர் எம்மை நோக்கி, “ஸ்விச்சை அணைத்துவிடு, தம்பி” என்றார்.

“சரி, அண்ணா” என்றோம்.

அதே வேளையிற் சன்னல்வழியே சாரல் அடித்து, இழைத்து வைத்த பலகைகளை நனைக்கக் கண்டோம். முதலிற் சன்னலைச் சாத்துவோம் என்று சென்றோம். கொக்கி துருப்பிடித்திருந்தது, அதனோடு சிறிது நேரம் போராடினோம். ஸ்விச்சு எம் நினைவினின்று முற்றும் நீங்கிற்று. தமையனாரோ, ‘சரி’ என்ற சொல்லைச் செயலாகவே கொண்டு, இடக்கையாற் பலகையைப் பற்றி அசைத்து விடுவிக்க முயன்றார். பலகை விடுபட்டது. மின்சாரம் வந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நீட்டி வரைய விரும்பவில்லை. இடக்கைச் சுட்டு விரலின் நுனி முதற்கணுவோடு போயிற்று. நடுவிரலின் ஓரமும் கிழிந்தது. தமையனார் கத்தவில்லை. “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு கையை மார்போடு அணைத்துத் தரையில் அமர்ந்தார். அவர் முகம் வெளிறியிருந்ததைக் கைவிளக்கொளியிற் கண்டாற்போல் இன்றும் காண்கின்றோம். அன்னையார் துவைத்த வெள்ளைத் துணியைக் காயத்தின்மேல் வைத்து இறுக அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்தார்; அது நன்று. அண்டை வீட்டார் ஒருவர் காப்பித்தூள் கொண்டுவந்தார்; அதனை இட விடாமல் அன்னையார் தடுத்தது மிக நன்று. யாம் செய்ததோ நன்றன்று. துண்டான நுனியைத் தேடி எடுத்து, ஐஸ் நிரப்பிய டம்ளரில் நேரே புதைத்தோம். அறிவோடு செய்ததாகவே அப்பொழுது எண்ணினோம்.

காரைக்காலில் முதலுதவி பெற்று, அங்கிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்று புதுச்சேரி சேர்ந்தோம். மருத்துவர் ஒருவர் டம்ளரைப் பார்த்துவிட்டு, சினமின்றி எமக்கு விளக்கினார். துண்டான உறுப்பைத் தூய நீரில் மெல்லக் கழுவி, ஈரமாக்கிப் பிழிந்த தூய துணியிற் சுற்றி, நீர் புகாப் பையிலிட்டுக் கட்டி, அப்பையையே பனிக்கட்டியின்மேல் வைத்தல் வேண்டும். பனிக்கட்டி நேரே தொட்டால் தசை உறைந்து மடியும். விரலில் பெருந்தசை இன்மையால், குளிர்ச்சியில் முறைப்படி காத்தால் பல மணி நேரத்துக்குப் பின்னரும் பொருத்துதல் கூடும். “ஆனால் வாள் வெட்டுவது கத்தி வெட்டுவதுபோல் அன்று, தம்பி, அது சிதைத்துவிடும். நீங்கள் சரியாகக் கொண்டுவந்திருந்தாலும் இந்த நுனியைப் பொருத்துவது அரிதுதான்” என்றார். எம் நிலை கண்டு ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையே சொன்னாரோ, யாம் கேட்கத் துணியவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அன்னையார் ஒரு வினா எழுப்பினார்: “கரண்டு நின்றபோது ஸ்விச்சை அணைக்க மாட்டீர்களா?” யாம் வாய் திறக்குமுன் தமையனார், “திடீரென்று வந்துவிட்டது, அம்மா” என்றார். அவ்வளவே. எம்மை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் வைதிருந்தால் எமக்குப் பெரிதும் நலமாயிருந்திருக்கும்.

நான்கு நாள் அச்சொல் எம் தொண்டையில் நின்றது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, கோயிலுக்குப் புறப்படுமுன், சட்டைப் பொத்தானை ஒரு கையாற் போட இயலாது அவர் எம்மை அழைத்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பாராமல் சொன்னோம்: “அண்ணா, அன்றைக்கு நான் சரி என்றேன். ஆனால் அணைக்கவில்லை.”

“தெரியும், தம்பி” என்றார் அவர். சிறிது பொறுத்து, “நானும் பார்க்கவில்லையே. கை என்னுடையது. பிளக்கைப் பிடுங்கிக் கண்முன்னே போட்டுக்கொண்டு அல்லவா கை வைத்திருக்க வேண்டும்? உன் சொல்லின்மேல் கையை வைத்தேன். அது உன் தப்பு மட்டும் அன்று” என்றார்.

இச்சொற்கள் எம்மைத் தேற்றுதற்குக் கூறியவையாயினும், அவற்றுள் ஒரு பேருண்மை பொதிந்துள்ளது. சொல்லையே பொருளாகக் கொண்டு பயில்பவர் யாம். ஒரு சொல்லுக்கு எத்துணைப் பொருள் என்று நிகண்டு புரட்டுபவர் யாம். எனினும் ‘சரி’ என்னும் ஈரெழுத்துச் சொல் ஒருவன் விரலைக் காக்கும் பொறுப்புடையதென்பதை எம் பாடநூல்கள் எமக்குக் கற்பிக்கவில்லை. பாட்டனார் காலத்து ஈர்வாளில் ஒருவன் கை நின்றால் மற்றவன் கையும் நிற்கும். அங்கே பொய்ச்சொல்லுக்கு இடமில்லை. மின்பொறியிலோ இருவரையும் இணைப்பது சொல் ஒன்றே. அச்சொல் வெறுமையாயின் வாள் அதனைப் பொறுக்காது.

விடுமுறை நாள்களில் யாம் தற்செயலாக டாக்டர் பால் பிராண்டு என்பாரது வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிமார் மகனாகப் பிறந்த அவர், இங்கிலாந்தில் முதலில் தச்சும் கட்டடத் தொழிலும் பயின்று, பின்னரே மருத்துவம் கற்றார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் வழிகண்டார். நிமிர்ந்த கைகளுக்குத் தொழில் வேண்டுமென்று 1951-இல் ‘நவஜீவ நிலையம்’ அமைந்தது. அங்கே நோய் நீங்கியோர் தச்சுவேலை கற்று மரப் பொம்மைகள் செய்தனர். ஆனால் உணர்ச்சியற்ற அக்கைகள் அடிக்கடி புண்பட்டன. ஏனென்று அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கருவியின் கைப்பிடி உரசினும் ஆணி குத்தினும் அவர்கட்கு வலி தெரியாது. தெரியாமையால் கையை எடுக்கமாட்டார்கள். வலி என்பது இறைவன் மனிதனுக்களித்த கொடையென்று அவர் வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தார், 2003-இல் மறைந்தார்.

இதனைப் படித்தபோது எமக்கொரு கருத்துத் தோன்றிற்று. நெருப்பின்முன்னும் முள்ளின்முன்னும் வலி நமக்கு நல்ல காவலன். ஆனால் வினாடிக்கு 2,000 பற்கள் ஓடும் வாளின்முன் அக்காவலன் எப்பொழுதும் பிந்தியே வருகின்றான். அவன் வந்து கூவும்போது களவு முடிந்திருக்கும். ஆகவே, அப்பொறியின்முன் நிற்கும் ஒவ்வொருவரும் வலியறியாக் கையுடையவராகவே தம்மைக் கருதிக்கொள்ளுதல் வேண்டும். வலி செய்யும் வேலையை முன்கூட்டியே மூடியும் தகடும் ஒழுங்கும் செய்தல் வேண்டும். பாதுகாப்பு என்பது இஃதே.

அமெரிக்க நாட்டு நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் மட்டும் மேசை வாள் பட்டுக் காயமுற்று மருத்துவமனை நாடுவோர் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 பேர். அந்நாட்டில் ஸ்டீபன் காஸ் என்னும் இயற்பியல் கற்ற வழக்கறிஞர் ஒருவர், 1999-இல் ஓர் அரிய வழி கண்டார். வாளில் மெல்லிய மின்குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்; மனிதவுடல் மின்கடத்தியாதலின் விரல் பட்டவுடன் அக்குறி மாறும்; மாறியவுடன் விற்சுருளால் ஏவப்பட்ட அலுமினியக் கட்டை ஒன்று பற்களிற் பாய்ந்து, வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் வாளை நிறுத்திவிடும். அவர் தம் விரலையே வைத்து அதனைச் சோதித்தார். ‘சா ஸ்டாப்’ என்னும் பெயரில் அத்தகைய பொறிகள் 2004 முதல் விற்கப்படுகின்றன. ஒருமுறை நின்றால் வாளும் கட்டையும் பாழ். விரலில் மட்டும் சிறு கீறல். அவ்வளவு விலையுடைய பொறி எம்போன்றோர் கொட்டிலுக்கு எட்டாதது. எனினும் எட்டும் விலையிற் செய்யத்தக்கவை பல உள.

தை பிறந்தவுடன் தமையனாரும் யாமும் அப்பழைய மேசையைப் பிரித்தோம். கயிற்றையும் கம்பியையும் அறுத்தெறிந்து, கருவியைக் கைக்கருவியாகவே மீண்டும் ஆக்கினோம். தமையனார் சேமித்ததும் உறவினர் தந்ததும் கொண்டு, மூடியும் பின்தகடும் உடைய சிறிய மேசை ரம்பம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். அதற்கு முதலிற் பொருத்தியது ஒரு புதிய ஸ்விச்சு: மின்சாரம் நின்றால் தானே விடுபட்டு, மீண்டும் கையால் அழுத்தினாலன்றி இயங்காதது. அடிக்கடி மின்தடை நேரும் நம் ஊர்களில் இதனினும் சிறந்த முதலீடு வேறில்லை. இஃது அன்றே இருந்திருந்தால் எம் வெறுஞ்சொல் வெறுஞ்சொல்லாகவே போயிருக்கும்.

பின்னர், எங்கட்குள் ஓர் ஒழுக்கம் வகுத்துக்கொண்டோம். வாளைத் தொடவோ மாற்றவோ வேண்டின், தொடுபவனே பிளக்கைப் பிடுங்கித் தன் கண்முன் வைத்துக்கொள்வான். மற்றவன் சொல் இதற்குச் சான்றாகாது. வாள் மரத்துக்குமேல் ஒரு பல் அளவே எழ வேண்டும். அதற்குமேல் எழுந்தது விரலுக்கென்றே எழுந்தது. வழிகாட்டிச் சட்டம் வாளோடு இம்மியும் கோணாது இணையாக நிற்க வேண்டும். நீளவாக்கில் அறுக்கும்போது சட்டத்தையும், குறுக்கே அறுக்கும்போது சறுக்குப் பலகையையும் பற்றுக்கோடாகக் கொள்ள வேண்டும். வெறுங்கையால் பலகையைப் பிடித்து வாளினுட் செலுத்துதல் எக்காலத்தும் கூடாது. சட்டத்தையும் சறுக்கையும் ஒரே வேளையிற் பயன்படுத்தித் துண்டாக்கினால், துண்டு இடையே சிக்கிப் பறக்கும், அதுவும் ஆகாது. கை வாளுக்கு ஒரு சாணுக்குள் வர வேண்டியிருப்பின், தள்ளுகோல் கொண்டே தள்ள வேண்டும். வாளுக்கு நேர்பின்னே நில்லாது ஒருபுறமாக நிற்க வேண்டும். எம் பானையின் உயிர்த்தியாகம் வீணாகலாகாது. அறுந்து விழுந்த துண்டை வாள் முற்றும் நின்றபின்னரே எடுக்க வேண்டும். நிறுத்தியபின்னும் அது சில வினாடி ஓடும்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். கையுறை அணிந்தால் காவலென்று பலர் எண்ணுவர், அது தவறு. வாள் கையுறை நூலைப் பற்றினால் கையையே உள்ளிழுக்கும். தோளில் துண்டு, நெகிழ்ந்த வேட்டி, நீண்ட கைச்சட்டை, மோதிரம், இவை பட்டறைக்கு வெளியே நிற்கக் கடவன. கண்ணுக்குக் கண்ணாடியும் செவிக்கு அடைப்பும் வேண்டும். மூக்கை மூடுதலும் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்று விளைக்கும் பொருள்களின் முதற்பிரிவிற் சேர்த்துள்ளது. பூவரசின் நிறம் அழகியதாயினும் அதன் தூள் நுரையீரலுக்கு அழகன்று. களைத்த போதும், அவசரமான போதும், மனம் வேறிடத்திருக்கும் போதும் ஸ்விச்சைத் தொடோம்.

அவசரம் என்றவுடன் எம் துறை சார்ந்த ஒன்று நினைவுக்கு வருகின்றது. புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானை ஒரு சக்கரத்துக்கு ஒப்பிடுகின்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம் அது. வகுப்பிலே இப்பாட்டை விளக்கியபோது, அதியமானது வலிமையையே யாம் குறித்துக்கொண்டோம். அத்தச்சனைக் குறித்து எழுதிக்கொள்ளவில்லை. எட்டுத் தேர் செய்யும் விரைவு தன்னிடம் இருந்தும், ஒரு சக்கரத்துக்கு ஒரு திங்கள் தந்தானே, அவன் விரல்கள் பத்தும் இருந்திருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

அலமாரி கிறிஸ்துமஸுக்கு முடியவில்லை, மாசியில் முடிந்தது. எம் நூல்கள் இப்பொழுது அதில் உள. கடைசித் தட்டுக்கு வேறு பலகை அறுக்கலாமென்று யாம் கூறியும் தமையனார் இசையவில்லை. அன்று பாதியில் நின்ற அப்பலகையையே, மறுமுனையினின்று அறுத்து முடித்து இழைத்துப் பொருத்தினார். நடுவே வாள் கவ்விய தழும்பு ஒன்று, நகக்குறிபோல், இன்றும் தெரியும். அதன்மேல் யாம் நூல்களை அடுக்குவதில்லை.

தமையனார் இப்பொழுதும் பட்டறைக்குச் செல்கின்றார். சுட்டு விரலின்றி உளி பிடிக்க நடுவிரலுக்குப் பழக்குகின்றார். யாம் துணைக்கு நிற்கின்றோம். வாளை மாற்றும்போது, “பிளக்கை எடுத்துவிட்டாயா, தம்பி?” என்று அவர் கேட்பதில்லை, தாமே எடுத்து மேசைமேல் வைக்கின்றார். ஆயினும் வேறு ஏதேனும் வேலை ஏவும்போது, எம் வாயினின்று பழைய சொல் எழாதவாறு யாம் காத்துக்கொள்கின்றோம். முதலில் எழுந்து அதனைச் செய்கின்றோம். செய்து முடித்தபின்னரே, “சரி, அண்ணா” என்கின்றோம்.